இங்கிலாந்தின் வயல் மாறியதற்கும் ஆலை எழுந்ததற்கும் என்ன தொடர்பு?

கேள்வி இது: "விவசாய முறைகள் மாறியதால்தான் இங்கிலாந்தில் தொழிற்புரட்சிக்கு வழி பிறந்தது என்கிறார்களே, வயலில் அப்படி என்னதான் மாறியது? அதற்கும் ஆலைக்கும் என்ன சம்பந்தம்?"

பாடப்புத்தகப் பதில் மூன்று வரிதான். ஜெத்ரோ டல் விதைக்கும் கருவியைக் கண்டுபிடித்தார். நிலங்களுக்கு வேலி போட்டார்கள். நிலமிழந்தவர்கள் ஆலை வேலைக்குப் போனார்கள். இதில் முதலாவதற்கு அவ்வளவு முக்கியத்துவம் கிடையாது. இரண்டாவது பாதியளவுக்கே சரி. மூன்றாவது பெரும்பாலும் தவறு. நடந்ததைப் புரிந்துகொள்ள வேண்டுமானால் மாட்டுத் தீவனத்திலிருந்து தொடங்க வேண்டும்.

1600 வாக்கில் மத்திய இங்கிலாந்தின் பெரும்பாலான ஊர்களில் விளைநிலம் மூன்று பெரிய வயல்களாகக் கிடந்தது. ஒன்றில் குளிருக்கு முன் விதைத்த கோதுமை அல்லது ரை. அடுத்ததில் வசந்தத்தில் விதைத்த பார்லி, ஓட்ஸ், பட்டாணி. மூன்றாவது தரிசு. அடுத்த ஆண்டு இந்த மூன்றும் இடம் மாறும். ஒவ்வொரு குடும்பத்தின் பங்கும் மூன்று வயல்களிலும் நீண்ட கீற்றுகளாகச் சிதறியிருக்கும். அறுவடை முடிந்ததும் ஊர் மாடுகள் அத்தனையும் தாளடியில் மேயும். மேய்ச்சலுக்கும் விறகுக்கும் பொதுப் புறம்போக்கு தனியாக உண்டு.

மூன்றில் ஒரு பங்கைத் தரிசு போட்டதைச் சோம்பேறித்தனம் என்று நினைக்கக் கூடாது. கோடையில் தரிசைப் பலமுறை உழுதால்தான் களை சாகும். மண்ணில் கொஞ்சம் தழைச்சத்தும் (நைட்ரஜன்) சேரும். தழைச்சத்துக்கு இன்னொரு வழி எரு. அது போதவில்லை. குளிர்காலத்தில் மாடுகளுக்குப் போட ஆற்றோரப் புல்வெளியில் அறுத்த காய்ந்த புல்லும் வைக்கோலும்தான் இருந்தன. தீவனம் இல்லாததால் மாடு குறைவு, மாடு குறைவதால் எரு குறைவு, எரு குறைவதால் விளைச்சல் குறைவு, விளைச்சல் குறைவாக இருப்பதால் தீவனத்துக்கு நிலம் ஒதுக்க வழியில்லை. இடைக்காலத்தில் ஏக்கருக்கு 10 புஷெல் கோதுமை, அதாவது சுமார் 270 கிலோ, நல்ல விளைச்சல். அதில் 65 கிலோ அடுத்த விதைப்புக்கே போய்விடும். விளைந்ததில் கால் பங்கை மறுபடி மண்ணில் கொட்ட வேண்டிய விவசாயம் அது.

இந்தச் சுழலை உடைத்தவை இரண்டு தீவனப் பயிர்கள்: டர்னிப் கிழங்கும், குளோவர் என்ற பயறு இனப் பயிரும். இரண்டும் ஃபிளாண்டர்ஸ், ஹாலந்து பகுதிகளில் முன்பே வழக்கத்தில் இருந்தவை. 17-ஆம் நூற்றாண்டின் நடுவிலிருந்து கிழக்கு இங்கிலாந்தின் நார்ஃபோக், சஃபோக் வட்டாரங்களில் பரவின. அமைச்சர் பதவியை 1730-ல் விட்டுவிட்டு ஊர் திரும்பிய 'டர்னிப்' டவுன்ஷெண்ட் பிரபுதான் இதைக் கொண்டுவந்தார் என்பார்கள். அவர் பிறப்பதற்கு முன்பே அங்கே டர்னிப் வயல்கள் இருந்தன. அவர் நல்ல விளம்பரதாரர், அவ்வளவுதான்.

நார்ஃபோக் நாலு பயிர்ச் சுழற்சி இப்படி: முதல் ஆண்டு கோதுமை, இரண்டாம் ஆண்டு டர்னிப், மூன்றாம் ஆண்டு பார்லி, அந்தப் பார்லிக்குள்ளேயே குளோவரை ஊடுவிதைத்து நான்காம் ஆண்டு முழுக்கக் குளோவர். பிறகு குளோவரை மடக்கி உழுது மறுபடி கோதுமை. தரிசு என்ற பேச்சே இல்லை. தரிசு செய்த களையெடுப்பை டர்னிப் ஏற்றுக்கொண்டது: ஜூன் மாதம் விதைத்து, முளைத்தபின் இரண்டு முறை களை கொத்தி, செடிக்குச் செடி ஏறக்குறைய ஓர் அடி இடைவெளி விட்டுக் கலைப்பார்கள். தழைச்சத்தைக் குளோவர் ஏற்றுக்கொண்டது. நம் ஊரில் சணப்பையும் தக்கைப்பூண்டும் செய்கிற அதே வேலை: வேர்முடிச்சில் வாழும் பாக்டீரியா காற்றிலுள்ள தழைச்சத்தைப் பிடித்துக் கொடுக்கும். நன்றாக வளர்ந்த குளோவர் ஏக்கருக்கு 40 முதல் 60 கிலோ வரை சேர்க்கும்; ஏக்கருக்கு 540 கிலோ கோதுமை மணி எடுத்துக்கொள்வது 11 கிலோ போலத்தான். இதற்கான அறிவியல் காரணம் 1880-களில்தான் ஜெர்மனியில் தெளிவாயிற்று. உழவர்களுக்கு அதற்கு இருநூறு ஆண்டு முன்பே பலன் தெரிந்திருந்தது.

பலரும் கவனிக்காத ஒன்று: இந்த முறையில் தானியம் விதைக்கும் பரப்பு குறைகிறது. 100 ஏக்கர் பண்ணையை எடுத்துக்கொள்ளுங்கள். பழைய முறையில் 66 ஏக்கரில் தானியம். விதை போக ஏக்கருக்கு 205 கிலோ, மொத்தம் சுமார் 13.5 டன். புதிய முறையில் தானியம் 50 ஏக்கர்தான். ஆனால் 1800 வாக்கில் எட்டிய 20 புஷெல் விளைச்சலில், விதை போக ஏக்கருக்கு 475 கிலோ, மொத்தம் 23.7 டன். எளிமைக்காகப் பார்லிக்கும் கோதுமைக் கணக்கையே போட்டிருக்கிறேன். மீதி 50 ஏக்கரும் ஆட்டுக்கும் மாட்டுக்கும் தீவனம். அதாவது தானியமும் கூடியது, இறைச்சியும் கம்பளியும் தோலும் கொழுப்பும் கூடவே கிடைத்தன.

டர்னிப்பைப் பிடுங்கிக் கொண்டுபோகாமல் வயலிலேயே ஆட்டுக்கிடை போட்டுத் தின்ன விடுவதுதான் இதில் சூட்சுமம். தட்டிப் படலால் ஒரு துண்டு நிலத்தை அடைத்து, ஆடுகளை விட்டு, தின்று முடித்ததும் படலை நகர்த்துவார்கள். புழுக்கையும் மூத்திரமும் சீராக விழும். ஆட்டின் குளம்பு நார்ஃபோக்கின் பொலபொலத்த மணலை மிதித்து இறுக்கிக் கொடுக்கும். வண்டி கட்டி எரு அடிக்கும் கூலியும் மிச்சம்.

எங்கும் இது தடையில்லாமல் ஓடிவிடவில்லை. புளிப்பு மண்ணில் குளோவர் வேர்முடிச்சு சரியாக வைக்காது. டர்னிப்பின் வேர் வீங்கி அழுகும். அதனால் அடிமண்ணிலிருந்து சுண்ணாம்புக் களிமண்ணைத் தோண்டி ஏக்கருக்குப் பல வண்டி கொட்டினார்கள். நார்ஃபோக் வயல்களில் இன்றும் காணப்படும் பள்ளங்களில் பல அப்படித் தோண்டியவை. முளைவிட்ட டர்னிப்பைத் தத்துவண்டு ஒரே வாரத்தில் காலி செய்துவிடும், மறுவிதைப்பு சாதாரணம். கடும் பனி விழுந்தால் கிழங்கு அழுகும், ஆடு பட்டினி. 18-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பனி தாங்கும் ஸ்வீடன் வகை வந்தபின்தான் அந்தப் பயம் தணிந்தது. ஈரக் குளோவரில் மாட்டை அவிழ்த்துவிட்டால் வயிறு உப்பிச் சாகும். நாலு ஆண்டுக்கு ஒருமுறை தவறாமல் குளோவர் போட்டால் நாளடைவில் மண்ணில் நோய் தங்கி அது முளைக்கவே மறுக்கும்; அப்போது ஒரு சுற்றில் குளோவருக்குப் பதில் அவரையோ பட்டாணியோ போட வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, கனத்த களிமண்ணில் இந்த முறை செல்லாது. குளிர்கால ஈரத்தில் ஆட்டை இறக்கினால் வயலே சேறாகிவிடும். அங்கெல்லாம் 19-ஆம் நூற்றாண்டு வரை தரிசு நீடித்தது.

இங்கேதான் வேலி வருகிறது. அறுவடைக்குப் பின் ஊர் மாடுகள் வயலில் இறங்கும் உரிமை இருக்கும்வரை, நீங்கள் மட்டும் உங்கள் கீற்றில் டர்னிப் போட்டால் அது ஊர் மாட்டுக்குத்தான் தீனி. ஊரே கூடி ஒப்புக்கொண்டு புதிய பயிர்களைப் புகுத்திய ஊர்களும் உண்டு. நாட்டிங்ஹாம்ஷயரின் லாக்ஸ்டன் இன்றுவரை திறந்த வயல் முறையைக் கைவிடவில்லை. ஆகவே வேலி இல்லாமல் முன்னேற்றமே இல்லை என்பது மிகை. வேலி இருந்தால் ஒருவர் முடிவே போதும் என்பதுதான் வித்தியாசம்.

நிலத்தில் பாதிக்கு மேல் 1760-க்கு முன்பே தனிப்பட்ட ஒப்பந்தங்களால் அடைபட்டுவிட்டது. அதன்பின் நாடாளுமன்றச் சட்டங்களின் வேகம் கூடியது. மொத்தம் 5,200-க்கும் மேற்பட்ட சட்டங்கள், சுமார் 68 லட்சம் ஏக்கர். இங்கிலாந்தில் ஐந்தில் ஒரு பங்கு. ஆணையர்கள் வந்து, நில அளவையாளர் அளந்து, கீற்றுகளைத் திரட்டி ஆளுக்கு ஒரே இடத்தில் பங்கு பிரித்துக் கொடுப்பார்கள். குறிப்பிட்ட காலத்துக்குள் பங்கைச் சுற்றி முள்வேலி நட்டாக வேண்டும். முட்செடி வளரும்வரை மாடு கடிக்காமல் இருக்க மரக் கம்பமும் சட்டமும் அடிக்க வேண்டும். வழக்குச் செலவு, அளவைச் செலவு, வேலிச் செலவு எல்லாம் உரியவர் தலையில். நாலு ஏக்கர்க்காரருக்கு வேலியின் நீளம் பரப்பைவிட அதிகம் போலத் தோன்றும். விற்றுவிட்டுக் கூலிக்குப் போவார். புறம்போக்கில் ஒரு பசுவை மேய்த்துக்கொண்டிருந்த குடிசைவாசிக்குப் பத்திரம் இல்லாவிட்டால் இழப்பீடும் இல்லை. நிலக்கிழாருக்கோ குத்தகை ஏறக்குறைய இரண்டு மடங்கானது. விளைச்சல் அந்த அளவுக்குக் கூடவில்லை. கூடிய குத்தகையில் ஒரு பகுதி, சிறியவரிடமிருந்து பெரியவருக்குக் கைமாறிய வருமானம்தான்.

கருவிகளில் எனக்கு முக்கியமாகப் படுவது கலப்பை. 1730-ல் காப்புரிமை பெற்ற ராதரம் கலப்பை முக்கோணச் சட்டம் கொண்டது, சக்கரம் இல்லாதது, லேசானது, மண்ணைப் புரட்டும் பலகை இரும்புத் தகடு வேய்ந்தது. பழைய கனத்த கலப்பைக்கு நாலு முதல் எட்டு எருதுகள், பிடிக்க ஓர் ஆள், ஓட்ட ஒரு பையன் வேண்டும். இதற்கு இரண்டு குதிரை, ஓர் ஆள் போதும். 1803-ல் ராபர்ட் ரான்சம் வார்ப்பிரும்புக் கொழுவின் அடிப்பக்கத்தை மட்டும் சட்டெனக் குளிரவைத்துக் கடினமாக்கினார். மேல்பக்கம் மெத்தென்று இருப்பதால் முதலில் தேயும், அடிப்பக்கம் நிற்கும். உழ உழக் கொழு தானே கூராகிக்கொள்ளும். அடிக்கடி கொல்லன் பட்டறைக்கு ஓடும் வேலை ஒழிந்தது. டல்லின் விதைக்கும் கருவியோ 1701-ல் உருவானாலும் 19-ஆம் நூற்றாண்டு வரை பெரிதாகப் பரவவில்லை. செய்யச் செலவு அதிகம், பழுதானால் சரிசெய்ய ஆள் இல்லை. எருவே வேண்டாம், மண்ணைப் பொடியாக்கினால் போதும் என்று அவர் நம்பியதும் தவறு.

இப்போது ஆலைக்கு வருவோம். ஏக்கருக்கு எவ்வளவு என்பதைவிட ஓர் ஆளுக்கு எவ்வளவு என்பதே இங்கு முக்கியம். ஏக்கர் விளைச்சலைக் கூடுதல் ஆள் போட்டும் உயர்த்தலாம். ஆனால் அப்படி உயர்த்தினால் ஆலைக்கு ஒரு கையும் மிஞ்சாது. இங்கிலாந்தில் 1500 வாக்கில் நூற்றுக்கு 74 பேர் விவசாயத்தில் இருந்தார்கள். 1800-ல் சுமார் 35. நூறு உழவர்கள் 135 பேருக்குச் சோறு போட்ட நிலை மாறி, இறக்குமதியைக் கழிக்காமல் பார்த்தால் 285 பேருக்குப் போடும் நிலை வந்தது. அதே காலத்தின் பிற்பகுதியில் மக்கள்தொகையும் பெருகியது: 1700-ல் 50 லட்சம், 1801-ல் 87 லட்சம், 1851-ல் ஒரு கோடியே 68 லட்சம். முன்பெல்லாம் 55 லட்சத்தை நெருங்கும்போதே தானிய விலை ஏறி வளர்ச்சி நின்றுவிடும். 1750-க்குப் பிறகு அந்த உச்சவரம்பு உடைந்தது.

ஆளுக்கான விளைச்சல் எப்படிக் கூடியது? டர்னிப்பைக் களைகொத்தக் கூடுதல் ஆள் வேண்டும். ஆகவே புதிய பயிர்கள் வேலையைக் குறைக்கவில்லை. ஆண்டு முழுவதும் பரப்பின. சிறு பண்ணைகள் சேர்ந்து பெரிதானதால் குடும்பத்தில் வேலையின்றி இருந்த கைகள் மிஞ்சின. ஆளுக்கு இத்தனை குதிரை என்ற விகிதம் உயர்ந்தது. அறுவடையில் அரிவாளை விட்டு நீண்ட பிடி கொண்ட வீச்சரிவாளுக்கு மாறியது மெதுவாக நடந்தது.

விடுபட்டவர்கள் எங்கே போனார்கள்? வேலியால் வெளியேறியவர்கள் மூட்டை முடிச்சோடு மான்செஸ்டருக்கு நடந்தார்கள் என்ற சித்திரம் பொருந்தாது. வேலிச் சட்டங்கள் மத்திய, கிழக்கு மாவட்டங்களில் அதிகம். ஆலைகள் வடமேற்கே லங்காஷயரில். அந்த ஆலைகளுக்கு ஆள் வந்தது பெரும்பாலும் சுற்றுவட்டாரத்திலிருந்தும் அயர்லாந்திலிருந்தும். மேய்ச்சல் பூமியான அந்த மலையடிவாரங்களில் குடும்பங்கள் தலைமுறைகளாக வீட்டிலேயே நூற்று நெய்துகொண்டிருந்தன. அவர்களுக்குத் தானியம் தெற்கிலிருந்தும் கிழக்கிலிருந்தும் வரத் தொடங்கியதால்தான் முழுநேர நெசவுக்குப் போக முடிந்தது. தெற்கின் கூலிகளோ தெற்கிலேயே கிடந்தார்கள். குடியுரிமை உள்ள சொந்த ஊரில்தான் ஏழை நிவாரணம் கிடைக்கும் என்ற சட்டம் அவர்களைக் கட்டிப்போட்டது. 1795-ல் பெர்க்ஷயரில் தொடங்கிய, ரொட்டி விலைக்கேற்பக் கூலிக்கு மேல் உதவித்தொகை தரும் முறையும் அவர்களை நகரவிடவில்லை. 1850 வாக்கில் பண்ணைக் கூலி வாரத்துக்கு வடக்கே 11 ஷில்லிங் 6 பென்ஸ், தெற்கே 8 ஷில்லிங் 5 பென்ஸ். ஆலை பக்கத்தில் இருந்தால் உழவன் கூலியும் ஏறும்.

தெற்கின் கோபம் கதிரடிக்கும் இயந்திரத்தின் மேல் விழுந்தது. ஸ்காட்லாந்தில் ஆண்ட்ரூ மெய்க்கில் 1786-ல் செய்த அந்த இயந்திரம், குளிர்காலம் முழுக்கத் தடியால் கதிரடித்துப் பிழைத்தவர்களின் நாலு மாதச் சோற்றைப் பறித்தது. 1830 ஆகஸ்டில் கென்ட்டில் தொடங்கி இயந்திரங்களை உடைத்தார்கள். 19 பேர் தூக்கிலிடப்பட்டார்கள், ஏறக்குறைய 500 பேர் ஆஸ்திரேலியாவுக்கு நாடுகடத்தப்பட்டார்கள்.

ஆள் மட்டும் போகவில்லை, பணமும் போனது. அறுவடை விற்றதும் கிழக்கு மாவட்ட உழவர்கள் கையில் காசு புரளும், ஆனால் அங்கே முதலீடு செய்ய இடமில்லை. லங்காஷயரிலோ எப்போதும் கடன் தேவை. 1750-ல் லண்டனுக்கு வெளியே பத்துப் பன்னிரண்டு வங்கிகள் இருந்தன. 1800 வாக்கில் 300-க்கும் மேல். நார்விச்சில் 1770-ல் தொடங்கிய கர்னி குடும்ப வங்கி போன்றவை உழவர் பணத்தை லண்டனுக்கு அனுப்பின; அங்கே உண்டியல் (பிறகு பணம் தருவதாக எழுதிக்கொடுத்த கடன் சீட்டு) தரகர்கள் அதை வைத்து வடக்கத்திய ஆலைக்காரர்களின் உண்டியல்களைத் தள்ளுபடிக்கு வாங்கினார்கள். ஒரே ஆண்டுக்குள் தானியக் காசு பஞ்சு வாங்கப் போய்விடும். நிலக்கிழார்களும் சும்மா இருக்கவில்லை. பிரிட்ஜ்வாட்டர் கோமகன் தன் நிலத்துக்கு அடியில் இருந்த நிலக்கரியை மான்செஸ்டருக்குக் கொண்டுபோக வெட்டிய கால்வாய் 1761-ல் திறந்ததும் அங்கே நிலக்கரி விலை பாதியானது.

பார்லியின் வழி இன்னும் சுவையானது. பார்லியை முளைகட்டி உலர்த்தினால் பீருக்கான மால்ட். நிலக்கரிப் புகையில் உலர்த்தினால் பீர் நாறும். அதனால் டெர்பிஷயரில் 1640-களிலேயே நிலக்கரியைச் சுட்டுக் கோக் ஆக்கி, அதில் மால்ட் உலர்த்தினார்கள். பர்மிங்ஹாமில் மால்ட் அரைக்கும் ஆலை செய்பவரிடம் தொழில் பழகியவர் ஆபிரகாம் டார்பி. அவர்தான் 1709-ல் கோல்புரூக்டேலில் கோக்கைக் கொண்டு இரும்பு உருக்கினார். லண்டனின் விட்பிரெட் மதுவடிப்பகம் 1785-லேயே மால்ட் அரைக்க ஜேம்ஸ் வாட்டின் நீராவி எந்திரத்தை வைத்தது. அங்கே எந்திரம் குதிரைகளின் இடத்தைப் பிடித்தது. தம் எந்திரத்தின் திறனை இத்தனை குதிரைக்குச் சமம் என்று வாட் கணக்கிட்டுச் சொன்னதும் இப்படிப்பட்ட வாடிக்கையாளருக்காகத்தான்.

அப்படியானால் நல்ல விவசாயம் இருந்தாலே ஆலை வந்துவிடுமா? ஹாலந்தைப் பாருங்கள். குளோவரும் டர்னிப்பும் முதலில் அவர்களிடம் இருந்தன, நகரமும் பணமும் இருந்தன. ஆனால் எளிதில் எடுக்கும் நிலக்கரி இல்லை, எரித்தது பீட் என்ற சதுப்புநிலக் கரிமண். நீராவி யுகம் அங்கே தொடங்கவில்லை. இங்கிலாந்திலும் விவசாயம் தனியாக எல்லோருக்கும் சோறு போடவில்லை. 18-ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் தானியம் ஏற்றுமதி செய்த நாடு, பிற்பாதியில் இறக்குமதிக்கு மாறியது; பிறகு அயர்லாந்தின் ஓட்ஸும் வெண்ணெயும் இங்கிலாந்தின் நகரங்களுக்குப் போயின. லண்டனின் பசி வளர்ந்ததால்தான் உழவர்கள் மாறினார்கள் என்று காரணத்தைத் தலைகீழாகப் போடுபவர்களும் உண்டு. 1600-ல் 2 லட்சமாக இருந்த அந்நகரம் 1700-க்குள் ஐந்தே முக்கால் லட்சம் ஆகிவிட்டதைப் பார்த்தால், அதிலும் நியாயம் இருக்கிறது. நகரம் இழுத்ததும் வயல் தள்ளியதும் ஒன்றையொன்று வளர்த்தன என்பதே என் கணிப்பு.

1840-களுக்குள் ஓட்டம் திசை மாறியது. ஆலை வயலுக்குக் கொடுக்கத் தொடங்கியது. இயந்திரத்தில் செய்த சுட்ட மண் குழாய்களைப் புதைத்து, டர்னிப் செல்லாத கனத்த களிமண்ணை வடிய வைத்தார்கள். 1842-ல் ஜான் லாஸ் சூப்பர் பாஸ்பேட் என்ற உரத்துக்குக் காப்புரிமை பெற்றார். கிழக்கின் ஃபென் சதுப்பில் தண்ணீர் இறைத்த காற்றாலைகளின் இடத்துக்கு நீராவி வந்தது. ஸ்ட்ரெத்தமில் 1831-ல் வைத்த எந்திரம் நாலு காற்றாலைகளின் வேலையைச் செய்தது. தண்ணீர் வடிய வடியக் கரிமண் சுருங்கி இறங்கியது. எவ்வளவு இறங்குகிறது என்று பார்க்க ஹோம் என்ற இடத்தில் 1850-களின் தொடக்கத்தில் ஒரு வார்ப்பிரும்புத் தூணைத் தலை தரைமட்டத்தில் இருக்கும்படி புதைத்தார்கள். இன்று அது தரைக்கு மேல் சுமார் நாலு மீட்டர் நிற்கிறது.